சும்மாதான் கூப்பிட்டேன்: சொந்தங்களோடு பழகப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அம்மா தவறிய அன்று சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கைப்பேசியைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. அத்தை, பெரியப்பா, மாமாக்கள், ஒன்றுவிட்ட அண்ணன்மார் என்று ஐம்பது பேரையாவது எனக்குத் தெரியும். முகம் தெரியும், யார் யாருக்குப் பிள்ளை என்று தெரியும். ஆனால் ஆறு பேருடைய எண்கூட என்னிடம் இல்லை. எல்லாம் அம்மாவின் நீல அட்டை நோட்டில் இருந்தன. சில பெயர்களின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு தேதி. அவர்கள் இறந்த நாள். இன்னும் சில பெயர்களுக்கு எதிரே பொடி எழுத்தில் குறிப்புகள்: ‘காது மந்தம், நிறுத்திப் பேச வேண்டும்.’ ‘மதியம் தூங்குவார்.’ ‘மகன் பேச்சை எடுக்கக் கூடாது.’

இத்தனை காலம் என் சார்பிலும் அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. “அவனும் உங்களை விசாரிச்சான்” என்று, நான் விசாரிக்காத விசாரிப்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களில் நாலு பேர் என்னிடம் சொன்னார்கள், “நீ அடிக்கடி விசாரிப்பேன்னு அம்மா சொல்லுவா” என்று. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெரும்பாலான குடும்பங்களில் உறவைக் கட்டிக் காக்கும் வேலை யாரோ ஒருவர் தலையில்தான் இருக்கும். அவர் ஓய்ந்துபோனால் மற்றவர்கள் ஒருவருக்கொருவர் வெறும் முகங்களாக ஆகிவிடுகிறோம். அதில் முதலில் விட்டுப்போகிறவர்கள், ஏற்கெனவே ஓரத்தில் இருந்தவர்கள். அந்த நோட்டு உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே எப்படித் தொடங்குவது, சொந்தத்தில் யார் தனிமையில் வாடுகிறார் என்று எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்டால் என்ன செய்வது என்று நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

கைப்பேசியில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். எழுதும்போதுதான் மறந்துபோன பெயர்கள் மேலே வரும். அப்பா பக்கம், அம்மா பக்கம், மணமானவர் என்றால் துணையின் பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விஷயங்கள் எழுதுங்கள்.

ஒன்று, கடைசியாக எப்போது பேசினீர்கள். கல்யாணக் கூட்டத்தில் “வாங்க, நல்லா இருக்கீங்களா” என்று கடந்துபோனது கணக்கில் வராது. குடும்பக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டதும் கணக்கில் வராது. நீங்கள் இருவரும் ஐந்து நிமிடமாவது பேசியது எப்போது? எனக்குப் பாதிப் பெயர்களுக்கு எதிரே கேள்விக்குறிதான் போட முடிந்தது.

இரண்டு, அவரிடமிருந்து உங்களுக்குக் கிடைத்த ஏதாவது ஒன்று. பெரிதாகத் தேட வேண்டாம். சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய சித்தப்பா. பரீட்சையில் தோற்றபோது வீட்டில் எல்லோரும் திட்ட, “விடுங்க, அவனே நொந்து போயிருக்கான்” என்று ஒரே ஒரு வாக்கியம் பேசிய மாமி. இந்தக் குறிப்பை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தனிமையில் இருப்பவரைப் ‘பாவம்’ என்று நினைத்துக்கொண்டு போய் நின்றால் அவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அவரிடம் பெற்றுக்கொண்டவராகப் போனால் உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

நோட்டில் எண்பது பெயர் சேர்ந்துவிட்டதே என்று மலைக்க வேண்டாம். மானிடவியலாளர் ராபின் டன்பாரின் கணக்குப்படி, ஒருவரால் உறவென்று வைத்துக்கொள்ள முடிவது நண்பர்களையும் சேர்த்துச் சுமார் 150 பேர். அதிலும் மிக நெருக்கமான வட்டத்தில் இருப்பது 5 பேர் போல. எண்பது பேருக்கும் நீங்கள் எல்லாமுமாக இருக்கப் போவதில்லை. முதலில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். அதில் இரண்டு பேராவது ஓரத்தில் இருப்பவர்களாக இருக்கட்டும்.

யார் ஓரத்தில் இருப்பவர்? துணையை இழந்தவர், மணமாகாதவர், மணமுறிவு ஆனவர், பிள்ளைகள் தூரத்தில் இருப்பவர். இவர்கள் சட்டென்று எல்லோர் நினைவுக்கும் வந்துவிடுவார்கள். நினைவுக்கு வராதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படுக்கையில் இருப்பவரை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் அண்ணி, கைக்குழந்தையோடு வீட்டிலேயே அடைந்திருக்கும் தங்கை, வேலைக்காகப் புது ஊருக்குப் போன ஒன்றுவிட்ட தம்பி, அண்மையில் பணி ஓய்வு பெற்றவர், இறந்துபோன மாமாவின் மனைவி. கடைசியாகச் சொன்னவரை நன்றாகக் கவனியுங்கள். அவரை நம்மோடு இணைத்த ஆள் போன பிறகு, ‘நான் இன்னும் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தம்தானா’ என்ற சந்தேகம் அவருக்கு இருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

2. தனியாக இருப்பதையும் தனிமையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

என் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் பதினைந்து ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறார். காலையில் நடை, மாலையில் தோழிகள், நடுவில் படிப்பு. அவரைப் பார்த்து யாராவது இரக்கப்பட்டால் அவருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம். அதே நேரம், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் இருக்கும் என் பெரியம்மா ஒருவர் ஒருநாள் சொன்னார்: “என்னை ‘வாடி, போடி’ன்னு கூப்பிட இப்ப ஆளே இல்ல.” அக்கா, தங்கை, பள்ளித்தோழி எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டில் அவர் அம்மா, அத்தை, பாட்டி. அவரை அவராக, பத்து வயதுப் பெண்ணாகத் தெரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லை.

இந்த வித்தியாசத்தை 1973-ஆம் ஆண்டிலேயே சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் பிரித்துக் காட்டினார். பழக ஆட்கள் இல்லாத தனிமை ஒன்று. மனதுக்கு நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை மற்றொன்று. ஒரு குறையைத் தீர்ப்பது மற்றொன்றைத் தீர்க்காது. பெரியம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்துப் போவதால் அவருடைய குறை தீர்ந்துவிடாது. அவருடைய பழைய நாட்களைப் பற்றிப் பொறுமையாகக் கேட்க ஒருவர் வேண்டும். புது ஊரில் இருக்கும் தம்பிக்கோ, நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் இடம்தான் வேண்டும்.

இன்னொரு தப்பெண்ணம், தனிமை முதியவர்களின் விஷயம் என்பது. 2025 ஜூனில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், பதின்ம வயதினரிடம்தான் அது அதிகம். விசேஷ வீட்டில் மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து “எப்பப் பாரு அதுலயே இரு” என்று சொல்லிக்கொண்டு போகிறோமே, அவன் பக்கத்தில் ஒருதடவை உட்கார்ந்து பாருங்கள்.

இது வெறும் மனக்கஷ்டம், தானே சரியாகிவிடும் என்றும் விட்டுவிட முடியாது. 2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

3. அடையாளங்களைக் கவனிக்கப் பழகுங்கள்

“தனிமையா இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அதனால் நாம்தான் கவனிக்க வேண்டும். எனக்கு அதிகம் உதவியது, பேச்சு முடியும் இடத்தைக் கவனித்ததுதான்.

நாம் “சரி அத்தை, அப்போ வைக்கட்டுமா” என்போம். “ம், வை” என்பார். வைக்கப் போகும்போது, “அப்புறம்?” என்பார். ஏதாவது சொல்வோம். மறுபடி, “அப்புறம் வேற என்ன?” சொல்ல அவரிடமும் புதிதாக ஒன்றும் இருக்காது. பேச்சு அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒரே அழைப்பில் மூன்று ‘அப்புறம்’ வந்தால் நான் அவர் பெயருக்கு எதிரே நோட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன்.

அடுத்தது ‘எனக்கென்ன’. “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.” “என்னைப் பத்தி என்ன இருக்கு, உங்க சேதியச் சொல்லு.” ஒருமுறை சொன்னால் அடக்கம். ஒவ்வொரு முறையும் தன்னைப் பற்றிய பேச்சைத் தள்ளிவிடுகிறார் என்றால், தன் நாளில் சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்று நினைக்கிறார் என்று பொருள். அதேபோல, “நீங்கல்லாம் வேலையா இருப்பீங்க” என்று தானே நமக்குச் சாக்குச் சொல்லிக் கொடுப்பவரையும் கவனியுங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பூப் படம் போட்டு வணக்கம் அனுப்பும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். பலர் அவரை ஒலியடக்கி வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன். அத்தனை பேருக்கும் தினம் அனுப்புகிறார், ஒருவராவது திரும்பக் கூப்பிடுவாரா என்று பார்க்கிறார். இப்போது வாரத்தில் ஒருநாள் அந்தப் பூவைப் பார்த்ததும் கூப்பிட்டுவிடுகிறேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவார். முதல் மணியிலேயே எடுப்பதும் ஓர் அடையாளம்தான்.

வீட்டுக்குப் போனால் வேறு சில கண்ணில் படும். மாமா இறந்து நாலைந்து மாதம் கழித்து அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, அத்தை உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஏதோ விவாத நிகழ்ச்சி, நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். “இதெல்லாம் பார்க்கிறீங்களா அத்தை?” என்றேன். “யார் பார்த்தா? ஆம்பளைக் குரல் ஒண்ணு கேட்டுட்டு இருக்கட்டும்னு போட்டு வச்சிருக்கேன்” என்றார். மடித்த துணிகளில் மாமாவின் சட்டைகளும் இருந்தன. துவைக்கும் தேவையே இல்லாத சட்டைகள், துவைத்து மடித்தவை.

கூட்டத்தில் பார்க்க வேண்டியது வேறு. யார் முதலில் வந்து கடைசியில் போகிறார்? யார் ஓடி ஓடி வேலை செய்துகொண்டே இருக்கிறார், யாரோடும் உட்காராமல்? யார் பெரியவர்களை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு மட்டும் இருக்கிறார்? யார் எல்லோரும் சிரித்த பிறகு ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கிறார்? கடைசிக்குக் காரணம் பல சமயம் காது. 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. காது கேட்காதவர் “என்ன, என்ன” என்று நாலு முறை கேட்டுப் பார்ப்பார். ஐந்தாம் முறை தலையை ஆட்டிவிடுவார். பிறகு வருவதையே நிறுத்திவிடுவார். நாம் ‘ஒதுங்கிப் போயிட்டார்’ என்போம்.

இவை எதையும் தனியாக வைத்து முடிவு கட்ட வேண்டாம். இயல்பிலேயே அதிகம் பேசாதவர்கள் உண்டு. மாற்றம்தான் முக்கியம். கலகலவென்று இருந்தவர் சுருங்கியது, வாராவாரம் கூப்பிட்டவர் நிறுத்தியது, உடையில் கருத்தாக இருந்தவர் ஏனோதானோவென்று இருப்பது. அவரை அவருடைய பழைய நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

கடுகடுப்பும் தனிமையின் அடையாளமாக இருக்கலாம். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். “இப்பவாவது ஞாபகம் வந்துச்சே!” என்று ஒருவர் எடுத்த எடுப்பிலேயே குத்தினால், அடுத்த முறை கூப்பிட மனம் வராது. தனிமையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜான் காசியோப்போ சொன்னது இங்கே உதவும்: நாள்பட்ட தனிமை, மனதை எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்க வைக்கிறது. மற்றவர் சாதாரணமாகச் சொல்வதிலும் புறக்கணிப்பு தெரியும். அதனால் முந்திக்கொண்டு குத்துகிறார்கள். ஆட்கள் இன்னும் விலகுகிறார்கள். அந்தக் குத்தலுக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். “ஆமா பெரியப்பா, ரொம்ப நாளாச்சு. என் தப்புதான். எப்படி இருக்கீங்க?” போதும்.

4. முதல் அழைப்பு

இரண்டு ஆண்டு பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்குவோம். ‘பணம் கேட்கிறானோ’, ‘யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சோ’ என்றெல்லாம் நினைப்பார்கள்தான், முதல் பத்து நொடிக்கு. 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து இதைச் சோதித்தது. தொடர்புகொள்பவர்கள், எதிரில் இருப்பவருக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்த தொடர்பு என்றால் மகிழ்ச்சி இன்னும் கூடுதல். ஆக, நாளான பிறகு கூப்பிடுகிறோமே என்ற கூச்சம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

குறுஞ்செய்தியைவிடக் குரல் நல்லது. காது மந்தமானவருக்கும் இரைச்சலுக்கு நடுவில் பேச முடியாதவருக்கும் மட்டும் எழுதுங்கள்.

எடுத்தவுடன் பதற்றத்தைத் தீர்த்துவிடுங்கள்: “எல்லாரும் நல்லா இருக்கோம் மாமா, சும்மாதான் கூப்பிட்டேன்.” இந்தச் ‘சும்மா’வுக்கு ஈடான சொல் இல்லை. காரியம் எதுவும் இல்லாமல் ஒருவர் நம்மை நினைத்திருக்கிறார் என்பதை அது ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பேச்சு “நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன்” என்று இரண்டு நிமிடத்தில் வறண்டுவிடும். நோட்டில் எழுதிய அந்த ஒரு விஷயத்தை இங்கே எடுங்கள். “நேத்து என் பொண்ணுக்கு சைக்கிள் பழக்கினேன் சித்தப்பா. நீங்க பின்னாடி ஓடி வந்தது ஞாபகம் வந்துச்சு.” அவ்வளவுதான், நன்றி என்ற சொல்லே வேண்டாம்.

மன்னிப்புப் படலத்தை நீட்டாதீர்கள். உங்கள் குற்ற உணர்வை ஆற்றும் வேலையை அவர் தலையில் போட்டதாகிவிடும். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்றும் சொல்ல வேண்டாம். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் வேண்டுமென்று யாரும் சொல்வதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வைக்கும்போது அடுத்தது எப்போது என்று சொல்லிவிடுங்கள்: “வர்ற ஞாயிறு சாயந்திரம் பேசறேன்.” அப்படி ஒரு நாள் தெரிந்துவிட்டால், அந்த ‘அப்புறம்?’ தானாகக் குறையும்.

5. கொடுப்பதைவிடக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தனிமையில் இருப்பவருக்கு நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்: பொருள், நேரம், ஆறுதல். வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு, தன்னால் யாருக்கும் ஆக வேண்டியது இல்லை என்ற எண்ணம் உறுதியாகிறது. அவரிடம் மட்டுமே இருக்கிற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

என் பெரியப்பா தொலைபேசியில் ‘ம்’, ‘சரி’, ‘வை’ என்ற மூன்று சொற்களுக்கு மேல் பேசாதவர். அவர் மனைவி போன பிறகு அந்த மூன்றும் ஒன்றாகச் சுருங்கியது. அம்மாவின் பெட்டியில் ஒரு பழைய படம் கிடைத்தது. ஏதோ ஒரு வாசல் படியில் பதினொரு பேர். எனக்கு நாலு பேரைத்தான் அடையாளம் தெரிந்தது. பெரிதாக அச்செடுத்து, “மற்றவங்க யாருன்னு எனக்குத் தெரியணும் பெரியப்பா, உங்களை விட்டா ஆள் இல்லை” என்று ஒரு தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பினேன்.

ஒன்பது நாள் கழித்து அவரே கூப்பிட்டார். நான் பிறந்ததிலிருந்து அவர் எனக்குப் போட்ட முதல் அழைப்பு. படத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டி ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டிருக்கிறார். ஒன்று முதல் ஆறு வரை பெயர், உறவு, அப்போது என்ன வயது என்று சொன்னார். “ஏழாம் நம்பர் யாருன்னு ஞாபகம் வரல. ஆனா அவன் போட்டிருக்கிற செருப்பு என்னோடது.” அதைக் கண்டுபிடிக்க, பல ஆண்டுகளாகப் பேசாத இரண்டு ஒன்றுவிட்ட தம்பிகளை அவரே தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். நாற்பது நிமிடம் பேசினோம். ஏழாம் நம்பர் இன்னும் யாரென்று தெரியவில்லை. அந்த மூன்று பேரும் அதைப் பற்றி இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன கேட்கலாம்? அவர் செய்த தொழிலில் ஒரு நுணுக்கம், ஒரு தையல் வேலை, தோட்டத்தில் வாடும் செடிக்கு யோசனை, குழந்தைக்கு ஒரு தாலாட்டு, எழுதிய கடிதத்தைப் படித்துத் திருத்துவது. சொன்ன யோசனையின்படி செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று திரும்பச் சொல்வதுதான் முக்கியம். இதை விட்டுவிட்டால் கேட்டது நடிப்பாகிவிடும்.

குடும்பக் கதைகளைக் கேட்பதில் நம் பிள்ளைகளுக்கும் பயன் இருக்கிறது. எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் குழந்தைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள்: அப்பா அம்மா எங்கே சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பது மாதிரி. தங்கள் குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, “அப்பா சின்ன வயசுல என்ன சேட்டை பண்ணினார்னு பாட்டிகிட்ட கேளு” என்று விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் உங்களுக்கு வேலை இல்லை.

6. நேரில் போகும்போது

அடிக்கடி, கொஞ்ச நேரம். ஆண்டுக்கு ஒருமுறை நாள் முழுக்க உட்கார்வதைவிட மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் போய் வருவது மேல். சொல்லிவிட்டுப் போங்கள்; எதிர்பார்த்துக் காத்திருப்பதும் அவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

காது மந்தமானவர் என்றால் டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். கத்த வேண்டாம், நிறுத்திப் பேசினால் போதும். கேட்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைப் போல ஒருவரை வெளியே தள்ளும் சொல் வேறு இல்லை.

எதிரெதிரே உட்கார்ந்து பேச வராத ஆட்கள் உண்டு, ஆண்களில் நிறைய. அவர்களோடு ஏதாவது வேலை செய்யுங்கள். அலமாரியை ஒழுங்குபடுத்துவது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது, சேர்ந்து நடப்பது. கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும்.

ஒரே கதையைத் திரும்பச் சொன்னால், “இதைச் சொல்லிட்டீங்க” என்று வெட்டாமல் உள்ளே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: “அப்போ உங்க கூட யார் இருந்தாங்க?” பழைய கதையில் புது அறை ஒன்று திறக்கும். இறந்தவர் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். அழுதுவிடுவாரே என்று நாம் தவிர்க்கிறோம். அவருக்கோ, அந்தப் பெயரைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

7. விடாமல் செய்ய

முதல் வாரம் தினமும், இரண்டாம் வாரம் மூன்று முறை, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆர்வக்கோளாறில் எல்லோரும் செய்யும் தவறு இது, முன்பிருந்ததைவிட மோசமான வெறுமையில் அவரைக் கொண்டுபோய் விடும். உங்களால் ஆண்டு முழுக்கச் செய்ய முடிகிற அளவை மட்டும் தொடங்குங்கள். மாதம் ஒன்றுதான் முடியும் என்றால் மாதம் ஒன்று. முடியாத நாளில், “இன்னிக்கு முடியல அத்தை, நாளைக்குப் பேசறேன்” என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்.

பேசி முடித்ததும் நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். ‘முழங்கால் வலி.’ ‘பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது.’ அடுத்த முறை “அந்தக் குட்டிங்க என்ன ஆச்சு?” என்று தொடங்கலாம். அம்மாவின் பொடி எழுத்துக் குறிப்புகள் இதற்குத்தான் என்று எனக்கு இதைச் செய்த பிறகுதான் விளங்கியது.

எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டாம். அண்ணன் தம்பி, ஒன்றுவிட்டவர்கள் நாலு பேர் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அட்டவணை போட்டுச் செய்வது அவர் காதுக்குப் போகக் கூடாது. இன்னும் நல்லது, அவர்களையே ஒருவரோடொருவர் கோத்துவிடுவது. “சித்தப்பாவுக்குப் பழைய பாட்டுப் பத்தி ஏதோ சந்தேகமாம், உங்களுக்குத் தெரியும்னு சொன்னேன்” என்று ஒரு நூலை நீட்டினால் போதும்.

8. பேச்சு மட்டும் போதாத நேரம்

இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோகம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போவது: இவை தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். “போய்க் காட்டுங்க” என்பது வேறு, கூடப் போவது வேறு. “நான் இருந்து யாருக்கு என்ன” என்பது போலப் பேசினால் சமாதானம் சொல்லி மூடிவிடாமல், “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவ உதவி தேடுங்கள்.

புதிதாக மறதி, பேச்சில் குழப்பம் என்றால் அதையும் வயதின் மேல் போடாமல் காட்டுங்கள். காதுப் பரிசோதனையும் சேர்த்து. இன்னொன்று, தொலைபேசியில் புதிதாகக் கிடைத்த ‘நண்பர்’ யாராவது பணப் பேச்சு எடுக்கிறாரா என்று பக்குவமாக விசாரியுங்கள். பேச ஆள் இல்லாதவரைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். ஏமாந்திருந்தால் திட்டாதீர்கள், அடுத்த முறை மறைத்துவிடுவார்.

9. சரிவராத இடங்கள்

உங்களைக் காயப்படுத்தியவர், துன்புறுத்தியவர் சொந்தத்தில் இருக்கலாம். அவர் தனிமையில் இருக்கிறார் என்பதற்காக அந்தக் கதவை நீங்கள் திறக்க வேண்டிய கடமை இல்லை. வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். சொத்துத் தகராறு, பழைய மனத்தாங்கல் என்றால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்றும் இல்லை. அதைத் தொடாமலே நாய்க்குட்டியைப் பற்றிப் பேசலாம்.

நோட்டைப் போட்டுக்கொண்டே வரும்போது, ஓரத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தாலும் முறை இதுவேதான். யாரிடமாவது ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டு கூப்பிடுங்கள்.

எத்தனை கூப்பிட்டும் எடுக்காதவர்களும் உண்டு. நெருக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு குரல்செய்தி: “சும்மாதான் கூப்பிட்டேன், திரும்பக் கூப்பிடணும்னு இல்லை.” என் நோட்டில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பெயருக்குக் கீழே ஏழு தேதிகள் இருக்கின்றன. ஏழுக்கும் எதிரே ‘எடுக்கவில்லை.’ எட்டாவதாக, போன மாதத் தேதிக்கு எதிரே எழுதியிருக்கிறேன்: ‘எடுத்தார். இரண்டு நிமிடம். முதுகுவலியாம்.’ அடுத்த முறை முதுகுவலியிலிருந்து தொடங்க வேண்டும்.